என் முகத்தைக் காட்டித் திறந்த கணக்கு

1

காலை ஒன்பது பதினேழு. திரையில் அந்த நேரம்தான் பதிவாகியிருந்தது. "இப்ப கெளம்புறேன் டி செல்லம். யாருக்கும் சொல்லல." பக்கத்தில் ஓர் இதயக் குறி. அனுப்பியவர் பெயர் சண்முகநாதன் முருகையா.

சண்முகநாதன் முருகையா என்பது நான்தான். ஒன்பது பதினேழுக்கு நான் பதுளையில் என் அக்கா வீட்டின் பின்புறம் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். செய்தியை அனுப்பியவள் என் மகள் தாரிணி. வயது பதின்மூன்று. மெல்பேர்னில் வளர்ந்தவள். பள்ளி விடுமுறைக்கு நானும் அவளும் மட்டும் ஊருக்கு வந்திருந்தோம். மனைவிக்கு மருத்துவமனையில் லீவு கிடைக்கவில்லை.

பத்து இருபதுக்கு அக்கா கூடத்துக்கு வந்தாள். "ஏன்டா, தாரிணி கீழ கடைக்குப் போயிட்டு வர்றேன்னு போயி ஒரு மணி நேரமாகுது. சொக்லட் வாங்க இவ்வளவு நேரமா?"

கடைக்காரர் அவளைப் பார்க்கவில்லை என்றார். அவளுடைய போனில் இந்த நாட்டு சிம் இல்லை. வீட்டு வைஃபையை விட்டு வெளியே போனால் அது வெறும் கண்ணாடித் துண்டு. கட்டிலில் கிடந்த அவளுடைய டேப்லட்டை எடுத்தேன். அவள் விளையாடும் விளையாட்டு திறந்திருந்தது. அதில் அவளோடு பேசிக்கொண்டிருந்தவரின் பெயர் 'செல்வமலர்1983'. அந்தப் பெயரிலிருந்து முந்தைய நாள் மாலை வந்த செய்தி இது:

"நாளைக்கு காலைல மடுல்சீமைக்கு பஸ் ஏறி வா. நான் பஸ் நிக்கிற கடைக்கிட்ட நிக்கிறேன். தனியா வா. யாருக்கும் சொல்லாத."

பெயருக்குப் பின்னால் இருந்த வருடத்தைக் கழித்துப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி என் பிள்ளையைத் தனியாக வரச் சொல்லியிருக்கிறாள். பிள்ளையும் போய்விட்டது.

அக்கா என் கையிலிருந்து டேப்லட்டைப் பிடுங்கி மேலே மேலே தள்ளிப் படித்தாள். எட்டு மாதப் பேச்சு. 'செல்லம்', 'தங்கம்', 'நீ இல்லாட்டி போர்', 'லவ் யூ டி'. எல்லாம் என் பெயரில்.

"டேய், உண்மையச் சொல்லு. யாருடா இந்த செல்வமலரு?"

"அக்கா, அது நான் எழுதினதில்ல. தாரிணி எழுதினது."

"ஒம் பேரு போட்டிருக்கு. ஒம் மூஞ்சி போட்டிருக்கு. நாப்பத்தெட்டு வயசு ஆம்பள, மெல்பேர்ன்னு போட்டிருக்கு."

"கணக்கு என் பேர்ல. வெளையாடுறது அவ."

"என்ன எழவுடா இது," என்றாள் அக்கா.

அக்காவுக்கு அப்போது சொல்ல நேரமில்லாததை இங்கே சொல்கிறேன்.

2

வெளிநாட்டில் இருப்பவன் எழுதினால் அங்கே எல்லாம் ஒழுங்கு, இங்கே எல்லாம் கோளாறு என்று எழுதுவான் என்பது ஊரில் உள்ளவர்களின் எண்ணம். இந்தக் கதையில் ஒழுங்குதான் என்னைக் கவிழ்த்தது.

மெல்பேர்னில் நான் நகரசபையின் முகப்பு மேசையில் வேலை செய்கிறேன். வாகனம் நிறுத்த அனுமதி கேட்டு வருகிறவர்களின் அடையாள அட்டையையும் விலாசத்தையும் சரிபார்ப்பது என் வேலை. எழுத்து ஒன்று பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்புவேன். பதுளையில் கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு அது கடினமான வேலையே அல்ல.

பெற்றோர் சங்கத்தில் ஒரு துப்பாக்கிச் சுடும் விளையாட்டைத் தடைசெய்யக் கோரி மனு எழுதியபோது முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் மண்டையை உடைத்து ரத்தம் சிந்தவைத்துப் புள்ளிகள் சேர்ப்பதை ஓர் அரசாங்கம் எப்படி அனுமதிக்கலாம் என்று அந்தக் கூட்டத்தில் பேசினேன். என் ஆங்கிலத்தில் 'வயலன்ஸ்' என்ற சொல் 'வயலின்ஸ்' போல வந்துவிட்டது என்று திரும்பி வரும்போது காருக்குள் மகள் சொன்னாள். "அப்பா, நீங்க வயலின் எல்லாத்தையும் பேன் பண்ணச் சொன்னீங்க." அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

தாரிணி விளையாடியது அந்த விளையாட்டு அல்ல. அவளுடையதில் ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. வீடு கட்டலாம், கோழி வளர்க்கலாம், பக்கத்து நாட்டுக்காரியோடு சேர்ந்து ஊர் அமைக்கலாம். தணிக்கைக்காரர்கள் அதற்கு எல்லா வயதினருக்கும் ஏற்றது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். நானும் முத்திரையைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன்.

பிறகு பிள்ளைகளின் இணையப் பாவனைக்கு வயதுக் கட்டுப்பாடு வந்தது. அந்த விளையாட்டு நிறுவனமும் பயந்துபோய், சிறுவர்கள் விளையாடலாம், ஆனால் யாரோடும் பேச வேண்டுமென்றால் பெற்றோர் தாங்கள்தான் பெற்றோர் என்று நிரூபித்து அனுமதி தரவேண்டும் என்று விதி போட்டது. நல்ல விதி. நான் கேட்டதுதான். உடனே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன்.

பெற்றோரின் குடும்பப் பெயர்: முருகையா. அது என் தகப்பனார். பிள்ளையின் குடும்பப் பெயர்: சண்முகநாதன். அது நான். பெயர்கள் பொருந்தவில்லை, நீங்கள் இந்தப் பிள்ளையின் பெற்றோர் அல்ல என்று திரை சொன்னது. மனைவியின் அட்டையைப் போட்டேன். அவளுக்கு அவள் தகப்பனார் பெயர். அதுவும் பொருந்தவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர்கள். மகளின் பிறப்புச் சான்றிதழை அனுப்பினேன். மூன்று வாரத்துக்குப் பிறகு, அனுப்பிய ஆவணத்தைப் படிக்க முடியவில்லை என்று பதில் வந்தது. அது பதுளையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்ட சான்றிதழ். தெளிவாகத்தான் இருந்தது.

இதற்குள் மகள் என்னுடன் பேசுவதை நிறுத்தியிருந்தாள். "நீங்க என் அப்பான்னு கூட உங்களால ப்ரூவ் பண்ண முடியல," என்றாள் ஆங்கிலத்தில். அந்தச் சொல் குத்திற்று. அன்றைக்கே அவளுடைய பெயரை அழித்துவிட்டு, என் பெயரில், என் பிறந்த திகதியில், என் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, கமெராவுக்கு முன்னால் முகத்தை இடமும் வலமும் திருப்பி ஒரு கணக்கு திறந்துகொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது, பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு குறி வந்தது.

அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. இதை எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும்தான் விளங்கிக்கொள்வார்கள். நான் சிறுவனாக இருந்தபோது, தேயிலைத் தோட்டத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போவேன். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது அம்மாவின் பெயருக்கு நான்தான் "ஆமாங்க" என்று குரல் கொடுப்பேன். கங்காணி என்னை ஒருமுறை பார்ப்பார், அம்மாவின் பெயருக்கு நேரே கோடு போடுவார். கொழுந்து நிறுத்தால் சரி. பெயர் யாருடையது, கை யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. வீட்டில் ஒருவருடைய பெயர் வீட்டில் எல்லோருக்கும் உதவும். அப்படித்தான் நான் வளர்ந்தேன். மற்றவர்களின் அட்டையில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புகிற நான், என் பெயரை மட்டும் அப்படி இரவல் கொடுத்தேன்.

3

பதுளைப் பொலிஸில் தமிழ் பேசும் ஒரு பெண் கான்ஸ்டபிள் இருந்தார். பொறுமையானவர். நான் டேப்லட்டைக் காட்டினேன்.

"சேர், ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீங்களே? இந்தக் கணக்கு உங்களோடதா, புள்ளையோடதா?"

"என் பேர்ல இருக்கு. புள்ளையோடது."

"அப்ப இந்த அம்மாவுக்கு லவ் யூன்னு எழுதினது?"

"என் மகள்."

"உங்க பேர்ல."

"என் பேர்லதான்."

அவர் எழுதியதை வெட்டினார். மறுபடி எழுதினார். பிறகு பேனாவை வைத்துவிட்டு மடுல்சீமைப் பக்கம் போன் போட்டார். "சேர் வீட்டுக்குப் போங்க. புள்ள திரும்பி வந்தா வீட்டுல ஆள் இருக்கணும். இந்த டேப்லட்டையும் மூடிறாதீங்க. அந்தப் பொம்பள ஏதாச்சும் அனுப்பினா ஒடனே சொல்லுங்க."

நான்தான் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் பொலிஸில் வேறு இணைப்பில் திறந்த பிறகு கணக்கு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடிக்கொண்டது, திறக்க என் முகம் வேண்டும். மச்சான், அதாவது அக்காவின் கணவர், வெலிமடையிலிருந்து காய்கறி கொண்டுவந்து விற்கிறவர். லொறியில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் இறக்காமல் அப்படியே இருந்தன. அவற்றோடு மடுல்சீமைக்குக் கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில், முந்தைய நாள் சாப்பாட்டில் நாங்கள் பேசியது முழுவதும் இருந்தது.

முந்தைய நாள் நான் வழக்கம்போல உபதேசம் செய்திருந்தேன். அங்கே பிள்ளைகளுக்குக் கூடாத விளையாட்டை அரசாங்கமே நிறுத்துகிறது, இங்கே எந்தப் பிள்ளை எதை விளையாடுகிறது என்று கேட்க ஒருவருமில்லை, இந்த நாட்டிலும் தணிக்கை வரவேண்டும் என்றேன். மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இங்க மழ பேஞ்சா தோட்டத்து லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் குடுக்கவே ஆளக் காணோம். இதுல கேமுக்கு ஆள் போடப் போறாங்களாக்கும்," என்றார். "மொதல்ல நீங்க ஒங்க புள்ள என்ன வெளையாடுதுன்னு பாருங்க."

"எனக்குத் தெரியும் மச்சான். அது கோழி வளக்கிற கேம்."

தாரிணி தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செய்தி அதற்குள் அவள் போனுக்கு வந்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். "நீ யார்? என் மகள் எங்கே?" பதில் இல்லை. மறுபடி எழுதினேன். என் படத்துக்கு அருகிலிருந்து என் பெயரிலேயே அந்தக் கேள்விகள் போய்க்கொண்டிருந்தன.

பிறகு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். முதலில் இயந்திரம் பேசியது. இருபது நிமிடத்துக்குப் பிறகு ஒரு மனிதக் குரல் கிடைத்தது. மிகவும் மரியாதையான குரல். என் ஆங்கிலம் பயத்தில் குழறியது. மகள் 'மிஸ்ஸிங்' என்பதற்குப் பதில் மகளை 'மிஸ்' பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன் போலும். அதைக் கேட்டு வருந்துவதாக அந்தக் குரல் சொன்னது. விளக்கி முடித்தேன்.

"ஐயா, பதிவின்படி வயது வந்த ஒருவர் வயது வந்த இன்னொருவரோடு பேசியிருக்கிறார். விதிமீறல் எதையும் நாங்கள் காணவில்லை."

"பேசியது நான் இல்லை. என் பதின்மூன்று வயது மகள்."

கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "அப்படியானால் ஒரு சிறுமி கட்டுப்பாட்டை மீறிப் பேசுவதற்கு நீங்கள் உங்கள் கணக்கைக் கொடுத்திருக்கிறீர்கள். சிறுவர் பாதுகாப்பு விதியின்படி இந்தக் கணக்கை உடனடியாக முடக்க வேண்டும்."

"முடக்காதீர்கள். அவளைத் தேட என்னிடம் இருக்கிற ஒரே வழி அதுதான்."

"உங்கள் கவலை புரிகிறது ஐயா. சிறுவர்களின் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம்."

கெஞ்சினேன். பொலிஸ் தேடுகிறது என்றேன். எழுத்தில் அனுப்பச் சொன்னார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை சாம்பல் நிறமானது. எட்டு மாதமாக ஒரு சிறுமி முன்பின் தெரியாத ஒருவரோடு பேசியதைக் கவனிக்காத பாதுகாப்பு, அவளைத் தேடும்போது ஒரு நிமிடத்தில் விழித்துக்கொண்டது.

ஒன்றரை மணிக்கு மச்சானின் போன் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் சிக்னல் ஒரு நிமிடம் இருக்கும், மூன்று நிமிடம் இருக்காது. "கடக்காரன் பாத்திருக்கான். நம்ம புள்ள பஸ்ஸ விட்டு எறங்கியிருக்கு. ஒரு பொம்பள கையப் புடிச்சி இழுத்துட்டுப் போனிச்சாம். கூட நாலு ஆம்பளைங்களும்…"

அத்தோடு தொடர்பு அறுந்தது.

4

இதை எழுதும்போது நான் மெல்பேர்னில், வேலை இடைவேளையில் இருக்கிறேன். நான்கு வாரம் ஆகிவிட்டது. போனில் பேச்சு பாதியில் அறுந்தால் எனக்கு அந்த ஒன்றரை மணி வந்துவிடுகிறது.

ஊரில் நண்பர்கள் கேட்கிறார்கள், அரசாங்கம் இந்த விளையாட்டுகளைத் தணிக்கை செய்யவேண்டுமா, வேண்டாமா, உங்கள் நாட்டில் செய்கிறார்களே என்று. முன்பென்றால் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பேன்.

வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். மண்டையை உடைத்துப் புள்ளிகள் சேர்க்கும் விளையாட்டு பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு? அதைத் தடுப்பதால் எந்தச் சுதந்திரமும் செத்துப்போகாது. ஆனால் படத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிற தணிக்கை, பேச்சில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. அதைப் பார்க்கச் சொன்னால் ஆளைப் பார்க்காமல் அட்டையைப் பார்க்கிறது. அட்டை பொருந்தாத அப்பனை விரட்டிவிட்டு, அட்டை பொருந்திய பொய்யனை உள்ளே விடுகிறது. அந்தப் பொய்யனும் நானேதான் என்பதால் யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

தாரிணியின் பெயரில் ஒரு சிறுமிக் கணக்கு இருந்திருந்தால், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நாற்பது வயதுக்காரி எழுதுகிறாள் என்று எங்காவது ஒரு மணி அடித்திருக்கும். நான் அவளை நாற்பத்தெட்டு வயது ஆம்பிளையாக மாற்றிவிட்டேன். நாற்பத்தெட்டு வயது ஆம்பிளையைக் காப்பாற்ற எந்த நாட்டிலும் ஒரு விதி கிடையாது.

சட்டம் போடாதே என்று நான் சொல்லவில்லை. சட்டம் போடுகிறவர்கள், தகப்பன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நான் திருடனாகியிருக்க மாட்டேன். அப்படி எழுதிவிட்டு, நேர்மையாக இன்னொரு மாதம் பொறுத்திருக்கலாமே என்றும் நினைக்கிறேன். ஒரு மாதம். மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதானே. அதைத் தாங்க முடியாமல்தான் இத்தனையும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளை, சில மாதமாக வீட்டில் "இந்தா வர்றேன்", "சும்மா இருங்கப்பா, கொல்றீங்க" என்று பேச ஆரம்பித்திருந்தது. என்னிடமிருந்து வந்தது என்று மனைவியிடம் பெருமையடித்தேன். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்கவில்லை.

5

அன்று மாலை நான்கு நாற்பதுக்கு வாசலில் ஆள் சத்தம். அக்காதான் முதலில் ஓடினாள்.

தாரிணி நின்றாள். யாருடையதோ ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். காலெல்லாம் சேறு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அதே உயரத்தில் எண்ணெய் வைத்துப் பின்னிய ஒரு பெண்பிள்ளை. இருவருக்கும் பின்னால் ஒரு பெண் நின்றாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்குப்படங்கைக்கூட அவள் அவிழ்த்திருக்கவில்லை. மச்சான் இன்னும் மலைப் பக்கம் தேடிக்கொண்டிருக்க, என் ஊர் நம்பர் தெரியாமல் இவர்கள் பஸ்ஸிலேயே வந்திருந்தார்கள்.

அக்கா அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே தாரிணியை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஏன்டி, சொல்லிட்டுப் போனா நாங்க என்ன கடிச்சா திங்கப் போறோம்?"

"கீர்த்தனா யாருக்கும் சொல்லாதன்னு சொன்னா, அத்தை," என்றாள் தாரிணி.

"நான் சொல்லல டி! அது எங்கம்மா எழுதினது!" என்றாள் பின்னல்காரி. இரண்டும் அழ ஆரம்பித்தன.

இரண்டும் அழுதுகொண்டே சொன்னதில்தான் எனக்குப் பாதி விளங்கியது. போன் அம்மாவுடையது, சிம் அம்மாவின் பெயரில். விளையாட்டு பெயரும் பிறந்த வருடமும் கேட்டபோது, கீர்த்தனா அம்மாவின் அடையாள அட்டையைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறாள். எட்டு மாதமாக என் பெயரில் ஒரு சிறுமியும் செல்வமலர் பெயரில் ஒரு சிறுமியும் கோழி வளர்த்திருக்கிறார்கள்.

கீர்த்தனாவின் அம்மா செல்வமலர் வாசற்படியில் ஏறவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானா சண்முகநாதன்?"

"ஆமாங்க. உள்ள வாங்க. ஒக்காருங்க. புள்ளைய பத்திரமா கூட்டிட்டு வந்தீங்களே…"

"இருங்க. நான் சொல்லிர்றேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நேத்து மலையால எறங்கி வந்து போன எடுத்தா, 'நான் பதுளைக்கு வந்துட்டேன், எப்ப பாக்கலாம்'னு ஒங்க பேர்ல வந்திருக்கு. மேல பாத்தா செல்லம், தங்கம். அதும் சின்னப்புள்ள மாதிரி தப்புத்தப்பா எழுதியிருக்கு. புள்ளைய ஏமாத்தத்தான் இப்பிடி எழுதுறான்னு நெனச்சேன். இவகிட்ட கேட்டா, அது தாரிணிம்மா, என்னை மாதிரி புள்ளதான்னு அழுவுறா. நான் நம்பல. வரட்டும் அந்தாளுன்னு நான்தான் எழுதினேன், தனியா வா, யாருக்கும் சொல்லாதன்னு."

"தப்பு என் மேலதாங்க," என்றேன்.

"லயத்து ஆம்பளைங்க நாலு பேரக் கடைக்குப் பின்னால நிக்கவச்சேன். தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திய சாக்குல சுத்திக் கையில வச்சிருந்தேன். பஸ்ஸு வந்திச்சு. ஆம்பளைங்க எறங்க எறங்க ஒவ்வொருத்தன் மொகமா பாத்தேன். கடேசியா இந்தப் புள்ள எறங்கி, கீர்த்தனா எங்க ஆன்ட்டின்னு கேக்குது."

அவள் குரல் உடைந்தது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"எம்மக பொய் பேரு போட்டது தப்புதாங்க, நான் இல்லேங்கல. ஆனா ஒங்க பேருக்குப் பக்கத்துல பச்சையா ஒரு அடையாளம் இருந்திச்சு. அது என்னாடின்னு இவகிட்ட கேட்டேன். அந்த நாட்டு அரசாங்கச் சட்டப்படி மொகத்தப் பாத்து, வயசப் பாத்து, உண்மைதான்னு குத்துற முத்திரையாம் அது. இவ சொன்னத நான் நம்பலீங்க. அந்த முத்திரைய நம்பித்தான் கத்திய எடுத்தேன்."